மூன்று முறை மங்கினால்

1

இங்கே வந்து ஐந்து வருடம் நிறைந்த மறுநாள், எங்கள் மூன்று பேரின் பாஸ்போர்ட்டையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு அனுப்பினோம். ஊரில் இருப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். இதை நான் எழுத உட்கார்ந்ததற்கே அந்த உறைதான் காரணம்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, மழை ஓயாத ஒரு ஊரில். என் மனைவி தங்கம் மதுரையில் நர்ஸ் படிப்புப் படித்தவள். இங்கே ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் வேண்டும் என்று ஆள் எடுத்தபோது அவளுக்கு வேலை கிடைத்தது. நானும் மகள் பிரியாவும் அவள் பின்னால் வந்தோம். நான் தாயில்பட்டிக்காரன். பத்தாவதோடு நிறுத்திவிட்டுப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவன். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் அறைகளைச் சுத்தம் செய்கிறேன்.

நாலு வருடம் வேலை பார்த்தால் நிரந்தரமாக இருக்கலாம் என்று சொல்லித்தான் அழைத்தார்கள். நாலாவது வருடம் நெருங்கும்போது அதை ஐந்து என்று மாற்றிவிட்டார்கள். யாரிடம் போய்க் கேட்பது? இன்னொரு வருடம் காத்திருந்தோம்.

விண்ணப்பத்தைப் பிரியாதான் நிரப்பினாள். அவளுக்குப் பதினைந்து வயது. ஒரு பக்கத்தில், பயங்கரவாதச் செயல்களில் ஈடுபட்டதுண்டா என்று கேட்டிருந்தது. அடுத்த பக்கத்தில், முன்பு செய்த வேலை என்ன என்று கேட்டிருந்தது. நான் உண்மையைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, வெடிமருந்து கலக்குறதுன்னு எழுதவா?"

தங்கம் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "ஏட்டி, அதை எழுதிக்கிழுதித் தொலைச்சுராத! தீப்பெட்டி ஒட்டுனாகன்னு போடு."

கடைசியில் 'தொழிற்சாலைப் பணியாளர்' என்று எழுதினோம். ஊரில் வீட்டுக்கு வீடு செய்கிற வேலையை இங்கே ஒரு கட்டத்துக்குள் எழுதப் பயந்தோம்.

தபாலாபீசில் கொடுப்பதற்கு முன் தங்கம் விண்ணப்பத்தோடு வந்த குறிப்புத்தாளை இன்னொரு முறை படித்துச் சொன்னாள். முடிவு வருவதற்குள் யாராவது பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டால், அவர் விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். முடிவு எப்போது வரும் என்று மட்டும் எங்கேயும் போடவில்லை.

2

நான் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போவேன். எனக்கு விட்டிருப்பது வானத்தை ஆராய்கிறவர்கள் இருக்கும் மாடி. மாரிச்சாமி என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாததால் அங்கே நான் சாம். பெரும்பாலும் அந்த நேரத்தில் யாரும் இருப்பதில்லை. எலன் என்ற பெண் மட்டும் சீக்கிரம் வந்துவிடுவார். முப்பது வயதுக்குள் இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் அவரிடம் 'குட் மார்னிங்' தவிர வேறொன்றும் பேசியதில்லை. ஊரிலும் எனக்கு அதிகம் பேச வராது. இங்கே ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் போய்விடுகிறார்.

ஒருநாள் தரையில் கிடந்த தாளைக் குப்பைப் பைக்குள் போடப் போனேன். எலன் பதறி எழுந்து கையை நீட்டினார். வாங்கி மேசையில் விரித்தார். தாள் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள், வரிசையாக எறும்பு போல. நடுவில் ஓரிடத்தில் மட்டும் வரிசை லேசாகக் கீழே இறங்கி மறுபடி ஏறியிருந்தது. அந்தப் பள்ளத்தைத் தொட்டு, "இது ஒரு கிரகம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். உட்காராமல் நின்றபடியே கேட்டேன்.

எல்லாப் புள்ளிகளும் ஒரே நட்சத்திரத்தின் வெளிச்சம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் அளந்தது. எங்கோ ஒரு மலையில் வைத்திருக்கும் கேமரா விடாமல் அதைப் படம் எடுக்கிறது. நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகம் நமக்கும் அதற்கும் நடுவே வரும்போது வெளிச்சம் ஒரு துளி குறைகிறது, நூற்றில் ஒரு பங்கு. கிரகத்தை யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. மங்கியதை மட்டும்தான் பார்த்தார்கள். ஆனைக்குட்டம் அணைக் கரையில் எரிகிற விளக்கைச் சிவகாசியிலிருந்து பார்த்து, அதன் முன்னால் ஒரு பூச்சி பறந்ததைச் சொல்வது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு வீட்டிலேயே ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போவேன். ஒரு காலைக்கு ஒரு கேள்வி.

மேகம் மறைத்ததென்று ஏன் இருக்கக் கூடாது? இருக்கலாம் என்றார் எலன். ஒரு முறை மங்கினால் எதுவாகவும் இருக்கலாம். இரண்டு முறை மங்கினால் சந்தேகம். மூன்று முறை, சரியான இடைவெளியில் மங்கினால் அங்கே ஏதோ இருக்கிறது. இந்த நட்சத்திரம் மூன்றரை நாளுக்கு ஒருமுறை மங்குகிறது. அப்படியானால் அந்தக் கிரகத்துக்கு ஒரு வருடம் என்பதே மூன்றரை நாள்தான். அவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டுமென்றால் நட்சத்திரத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். அருகில் இருந்தால் அடுப்புப் போலக் கொதிக்கும். எவ்வளவு ஆழமாக மங்கியது என்பதை வைத்து அதன் அளவைச் சொல்லிவிடலாம்.

எடையை எப்படிச் சொல்வீர்கள் என்று இன்னொரு நாள் கேட்டேன். கிரகம் சுற்றும்போது நட்சத்திரமும் சும்மா நிற்பதில்லையாம். கொஞ்சம் நம் பக்கம் வரும், கொஞ்சம் விலகும். அந்த அசைவில் வெளிச்சத்தின் நிறம் மயிரிழை மாறும். எனக்கு விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சித் திடல் ஞாபகம் வந்தது. என் அண்ணன் காளிராஜ் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கிச் சுற்றுவார். நான் பறப்பேன். அவர் ஒரே இடத்தில் நிற்பதாகத்தான் நினைத்திருந்தேன். உண்மையில் என் கனத்துக்கு ஈடாகப் பின்னால் சாய்ந்து சாய்ந்துதான் கால் மாற்றி வைப்பார். இருட்டில் நான் தெரியாமல் போனாலும், அவர் வெள்ளைச் சட்டை ஆடுவதைப் பார்த்தே அவர் கையில் எவ்வளவு கனம் என்று சொல்லிவிடலாம்.

எடையும் அளவும் தெரிந்துவிட்டால், அது பாறையா, வெறும் காற்றுப் பந்தா என்பதும் தெரிந்துவிடும். அதற்கு மேல் அதன் முகம் எப்படி இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது என்றார் எலன்.

அடுத்த முறை எந்த நாளில் எந்த நேரத்தில் மங்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் கடைசிச் சோதனையாம். சொன்ன நேரத்துக்கு மங்கியது. அன்று எலன் கேக் வாங்கி வந்தார். எனக்கும் ஒரு துண்டு.

"சொன்ன நாளில் மங்காவிட்டால்?" என்று கேட்டேன்.

"ஒன்று, நாங்கள் நினைத்தது தப்பு. இல்லாவிட்டால் அங்கே எங்களுக்குத் தெரியாத ஏதோ நடந்துவிட்டது."

3

வேறொரு கிரகத்தைப் பற்றியும் எலன் சொன்னார். அதைக் கண்டுபிடித்தவர்கள் வேறு ஆட்கள். நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் கொஞ்சம் அந்தக் கிரகத்தின் காற்றுக்குள் நுழைந்து நம்மிடம் வருகிறது. வரும்போது மஞ்சளில் ஒரு துளி மட்டும் குறைகிறது. அதை வைத்து அந்தக் காற்றில் சோடியம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

சோடியம் எனக்குத் தெரியும் என்றேன். எலன் ஆச்சரியமாகப் பார்த்தார். மேற்கொண்டு சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

வானத்தில் வெடித்துப் பூப்பூவாகச் சிதறும் பட்டாசுக்குள் மிளகுக்கும் கொஞ்சம் பெரிதாக உருண்டைகள் இருக்கும். மணிமருந்து என்போம். பேரியம் போட்டால் பச்சை, ஸ்ட்ரான்சியம் போட்டால் சிவப்பு. உப்பு கலந்தால், அதில் இருக்கும் சோடியத்தால் மஞ்சள். இந்த மஞ்சள் பொல்லாதது. துளி சேர்ந்தாலும் பச்சையைக் கெடுத்து வெளுத்த எலுமிச்சை நிறமாக்கிவிடும். அதனால் மருந்து பிசைகிற அறையில் தலையில் துண்டு கட்ட வேண்டும், கையைக் காய்ந்த துணியில் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேர்வையும் உப்புதான், ஒரு சொட்டு விழக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் சித்திரை. அண்ணனும் நானும் ஒரே அறை. கண்ணுக்குள் வழிந்த வேர்வையை உள்ளங்கையால் வழித்துவிட்டு, அதே கையை மருந்துக்குள் விட்டேன். ஒரு முறை இல்லை, பல முறை. மதியம் போர்மேன் வந்து, வெளியே கொண்டுபோய் ஒரு சிட்டிகையைக் கொளுத்திப் பார்த்தார். பச்சை வரவில்லை.

"எந்தப் பயலே வேர்வைக் கையோட தொட்டது?" என்றார்.

நான் குனிந்து கையைத் துணியில் துடைத்தேன். அண்ணன் கையைத் தூக்கினார்.

"நான்தான் மொதலாளி."

"நான் மொதலாளி இல்லைடா, போர்மேன்."

"எங்களுக்கு எல்லாரும் மொதலாளிதான்" என்றார் அண்ணன். அறைக்கு வெளியே நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த சீசன் முழுவதும் அவரை வெயிலில் மணிமருந்து காயப்போடும் மேடைக்கு மாற்றிவிட்டார்கள். நான் நிழலில் இருந்தேன். அதைப் பற்றி அண்ணன் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணனுக்குப் போன் செய்வேன். அங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம். போன் கார்டைச் சுரண்டி, நீளமான எண்ணை அழுத்தி, ஒரு இயந்திரப் பெண் பேசி முடித்த பிறகுதான் தாயில்பட்டி கிடைக்கும். அண்ணன் இப்போது மருந்து அறையில் இல்லை. குடோனில் லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்கிறார்.

எங்கள் அடுப்படியில் அவர் அனுப்பிய சிவகாசிக் காலண்டர் தொங்குகிறது. அண்ணனிடம் பேசிய ஞாயிற்றுக்கிழமையின் கட்டத்தில் ஒரு டிக் போடுவது என் வழக்கம். குறித்து வைக்க இங்கே எனக்கு வேறொன்றும் இல்லை.

உறையை அனுப்பிய பிறகு ஒரு ஞாயிறு அண்ணனுக்குப் பதில் மதினி போனை எடுத்தாள். "அவுக ஆனைக்குட்டத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காக தம்பி." சரி என்றேன். பிறகு ஒரு ஞாயிறு, "மல்லாங்கிணத்துல கெடாவெட்டு. வர விடமாட்டேங்காக." அதன் பிறகு ஒரு ஞாயிறு, "சீசன்ல தம்பி, ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. லோடு கூடவே மதுரைக்குப் போயிட்டாக."

ஒவ்வொன்றும் தனித்தனியாக நம்பக்கூடியதுதான். மூன்றாவது முறை பேனாவோடு காலண்டர் முன்னால் நின்றேன். டிக், டிக், காலி. டிக், டிக், காலி. டிக், டிக், காலி.

அப்போதுதான் மற்ற வாரங்களும் நினைவுக்கு வந்தன. காலிக்கு அடுத்த ஞாயிறு அண்ணன் பேசும்போது குரல் அடியில் கிடக்கும். அதற்கு அடுத்த ஞாயிறு கொஞ்சம் ஏறி, பழைய கேலி வரும். மறுபடி காலி. எலன் மேசையில் விரித்த தாள் போலவே இருந்தது.

"தங்கம், இங்கன வந்து பாரு."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "சொல்லுங்க" என்றாள்.

"அண்ணன் பேசாத ஞாயித்துக்கெழமை எல்லாம் சரியா மூணு வாரத்துக்கு ஒருக்க வருது."

"மனுசன்னா கல்யாணங்காச்சிக்குப் போகாம இருப்பாகளா? அந்த வெள்ளக்காரப் பிள்ளை கூடச் சேந்து நீங்க எதைப் பாத்தாலும் புள்ளி வச்சுக்கிட்டிருக்கீக."

"கல்யாணம் மூணு வாரத்துக்கு ஒருக்கத்தான் நடக்குமா?"

அவள் நறுக்கி முடித்த வெங்காயத்தையே மறுபடி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று எலன் சொன்னபடி நானும் செய்தேன். அடுத்த மூன்றாவது ஞாயிறை எண்ணி, அந்தக் கட்டத்தின் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்தேன். என் கணக்குப்படி அன்றைக்கு அண்ணன் போனை எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டால், எதையோ மறைக்கிறார்கள் என்ற என் நினைப்பு தப்பு. தப்பாக இருக்க வேண்டும் என்று மூன்று வாரமும் வேண்டிக்கொண்டே குப்பைக்கூடைகளைக் கொட்டினேன்.

5

புள்ளி வைத்த ஞாயிறு வந்தது. போன் இரண்டாவது முறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"யாரு, லண்டனா?"

அண்ணனுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான்.

"அண்ணே! நீங்களா எடுத்தீக?"

"எங்க வீட்டுப் போனை நான் எடுக்காம பஞ்சாயத்துத் தலைவரா வந்து எடுப்பாரு? என்னலே, சாப்பிட்டியா?"

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சாதாரணமாகப் பேச்சை அண்ணன்தான் நடத்துவார். அன்று நான் பேசினேன். எலனைப் பற்றி, புள்ளிகளைப் பற்றி, பார்க்க முடியாத கிரகத்தைப் பற்றி.

"எம்புட்டோ தூரத்துல கெடக்க ஒரு கிரகம்ணே. அதோட காத்துல உப்பு இருக்குன்னு, மஞ்சள் வெளிச்சத்தை வச்சே கண்டுபிடிச்சுட்டாகளாம்."

அண்ணன் தொண்டையைச் செருமினார். பிறகு, "அங்கன எந்தப் பயலே வேர்வைக் கையோட தொட்டது?" என்றார்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அவர் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுவிட்டது. கார்டு தீர்ந்து இணைப்பு அறுந்ததால்தான் என்று நினைத்தேன்.

அடுப்படிக்குப் போய்ச் சொன்னேன். "தங்கம், அண்ணனே எடுத்தாரு. நல்லாச் சிரிச்சுப் பேசுனாரு. நான் போட்ட கணக்கு அம்புட்டும் தப்பு."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அவுகளா எடுத்தாக? இன்னைக்கா?"

"ஆமா."

"அப்ப முந்தாநாளு ஊசிக்குப் போகலையா?"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணனுக்கு வயிற்றில் கட்டி. மதுரையில் மூன்று வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை மருந்து ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை தலை தூக்க முடியாமல் கிடப்பார். மதினி தொடக்கத்திலேயே தங்கத்திடம் விவரம் கேட்டிருக்கிறாள். என்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று அண்ணன் இருவரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். "தெரிஞ்சா அவன் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டுருவான். பேப்பர் வரட்டும்" என்றாராம். கல்யாணமும் கெடாவெட்டும் அவரே படுத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தவை.

தங்கத்தின் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவள் நிலைமையில் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தும் அது முழுதாகப் போகவில்லை. ஆனால் சண்டை போடத் தெம்பு இல்லை. தெருமுனைக் கடைக்குப் போய் இன்னொரு கார்டு வாங்கி வந்தேன்.

"யாருலே சொன்னது? தங்கமா?" என்றார் அண்ணன்.

"மூணு வாரத்துக்கு ஒருக்க மங்குனீகண்ணே. காலண்டர்லயே தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு மங்கலை. அவ வாய்தவறிச் சொல்லிட்டா."

"போர்மேனை விட மோசமால இருக்கே நீ." மூச்சு வாங்கினார். "இனிமே ஊசி வேண்டாம்னுட்டாகலே. வீட்டுல இருந்து, பிடிச்சதைச் சாப்பிடச் சொல்லிட்டாக."

அதற்கு என்ன அர்த்தம் என்று தங்கத்திடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நான் வாறேன்ணே."

"வராத. பேப்பர் வரட்டும்."

"அது எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது."

"என் கதையும் அதாம்லே" என்றார். கார்டில் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "வாறதா இருந்தா வெரசா வாலே."

6

தங்கம் இரண்டு நாள் விசாரித்தாள். விண்ணப்பத்திலிருந்து நான் என் பெயரை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டால் அவளுக்கும் பிரியாவுக்கும் பாதகம் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த பிறகு நான் ஊரிலிருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். எவ்வளவு நாள் ஆகும், கொடுப்பார்களா என்பது தெரியாது. என் வேலையை வைத்திருக்க முடியாது என்று மேற்பார்வையாளர் வருத்தமாகச் சொன்னார். எலனிடம் நான் கிளம்பும் காரணத்தைச் சொன்னேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டார். மூன்று விரலைக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போயிட்டு வாங்க" என்றாள் தங்கம். "நான் சத்தியத்தைக் காப்பாத்துனதும் தப்பாப் போச்சு, விட்டதும் தப்பாப் போச்சு. நீங்களாவது ஒண்ணு சரியாச் செய்ங்க."

பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தைப் பிரியா அவள் கம்ப்யூட்டரில் அடித்தாள். வீட்டில் அவள் பேசுவது இப்போது பெரும்பாலும் ஆங்கிலம்தான். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அன்றும் விடாமல் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே அடித்தாள். காரணம் என்ன? உறவு என்ன? நோயின் பெயர் என்ன? மருத்துவர் சான்று இருக்கிறதா? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

ஒரு இடத்தில் விரல்கள் நின்றன. திரையைப் பார்த்தபடியே தமிழில் கேட்டாள். "பெரியப்பா என்னையும் தூக்கிச் சுத்துவாங்கல்ல? அந்தப் பொங்கல் கூட்டத்துல?"

"ஆமா. உனக்கு நாலு வயசு."

"எனக்கு அவங்க முகம் சரியா ஞாபகம் இல்லப்பா." பிறகு மீதியை அடித்து முடித்தாள்.

அச்செடுத்த தாளை மேசையில் வைத்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். வெளியே மழை. வீட்டுக்குள்ளும் குளிர்தான். ஆனாலும் என் உள்ளங்கை வேர்வையில் நனைந்திருந்தது. பெயரை முழுதாகத் தமிழில் எழுதினேன். எழுதி முடித்துக் கையை எடுத்தபோது மை இழுபட்டு, கடைசி எழுத்து ஓரமாகப் பரவிவிட்டது.

"ஐயோ, வேற தாள் எடுத்துட்டு வரவாப்பா?"

"வேண்டாம்" என்றேன். "கேட்டா, நான்தான் தொட்டேன்னு சொல்லிக்கிறேன்."